வலியோடு ஆடுவது யாருடைய முடிவு?

மடீன் கிளீவ்ஸ் பேரைச் சொன்னால் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். 2000 ஏப்ரல் 3, இண்டியானாபொலிஸ். கிளீவ்ஸின் மிஷிகன் ஸ்டேட்டும் ஃப்ளோரிடாவும் மோதிய தேசிய இறுதி ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கூடையை நோக்கிப் பாய்ந்த கிளீவ்ஸ் எதிரணி வீரருடன் மோதி விழுந்தார். கணுக்கால் மடங்கிவிட்டது. தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். சில நிமிஷங்களில் காலில் கட்டோடு நொண்டியபடி திரும்பி வந்தார். மிஷிகன் ஸ்டேட் 89-76 என்று ஜெயித்தது. இறுதிக் கட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே போனது. அதே சீசனின் முதல் 13 ஆட்டங்களைப் பாத எலும்பு முறிவால் அவர் தவறவிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துவிட்டால் கதைக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் வெளியே இருந்த நிமிஷங்களில் மிஷிகன் ஸ்டேட்டின் முன்னிலை குறையவில்லை என்பதை மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை. அன்று அவர் எடுத்த 18 புள்ளிகளில் பெரும்பகுதி அடிபடுவதற்கு முன்பே எடுத்தது.

இன்னொரு இறுதி ஆட்டம். 2022 ஏப்ரல் 4, நியூ ஆர்லியன்ஸ். இரண்டு நாள் முன்பு டியூக் அணியுடன் நடந்த அரையிறுதியில் நார்த் கரோலினாவின் அர்மாண்டோ பேகாட்டுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கான்சாஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அந்தக் காலோடு இறங்கி 15 புள்ளிகளும் 15 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். பாதி நேரத்தில் அவருடைய அணி 15 புள்ளிகள் முன்னே இருந்தது. கடைசி நிமிஷத்தில் ஒரே புள்ளி பின்தங்கியிருந்தபோது பந்து அவர் கையில் வந்தது. கூடையை நோக்கித் திரும்பினார், அதே கால் மறுபடி மடங்கியது, பந்து போய்விட்டது. கான்சாஸ் 72-69.

வலியைத் தாங்கிய அளவில் பார்த்தால் பேகாட் செய்தது கிளீவ்ஸ் செய்ததைவிடக் கூடுதல் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கல்லூரிகளின் தேசியத் தொடர் நடக்கும் ஒவ்வொரு மார்ச் மாதமும் தொலைக்காட்சியில் வருவது கிளீவ்ஸ்தான். வலியோடு ஆடுவதை நாம் வீரம் என்று கொண்டாடுவது பெரும்பாலும் ஸ்கோர்போர்டைப் பார்த்த பிறகு. ஆனால் ஆட வேண்டுமா என்ற முடிவை வீரர் எடுக்க வேண்டியது ஸ்கோர் தெரிவதற்கு முன்னால். அந்த நேரத்தில் அவரைச் சுற்றி நிற்கும் அழுத்தங்களைப் பார்த்தால், இதில் மன உறுதியின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது.

முதல் அழுத்தம் போட்டியின் அமைப்பு. தொழில்முறை லீகான என்பிஏவின் பிளேஆஃபில் ஒரு சுற்று என்பது ஏழு ஆட்டத் தொடர்; ஒரு வீரர் ஒரு நாள் உட்கார்ந்தால் அணி பிழைத்துக்கொள்ளும். மார்ச் மேட்னஸ் என்ற கல்லூரித் தேசியத் தொடர் அப்படி இல்லை. 68 அணிகள், தோற்றால் வெளியே. நவம்பரிலிருந்து முப்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடிச் சேர்த்ததெல்லாம் ஒரு மாலையில் முடிந்துவிடலாம். 2024-இல் ஹூஸ்டனின் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு ஜமால் ஷெட், டியூக்கோடு ஆடிய ஆட்டத்தின் முதல் பாதியிலேயே கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அவரால் திரும்ப முடியவில்லை. தொடரின் முதல்நிலை அணிகளில் ஒன்றான ஹூஸ்டன் 54-51 என்று தோற்று வீட்டுக்குப் போனது. 2000-இல் நாட்டின் முதலிட அணியாக இருந்த சின்சினாட்டி, தேசியத் தொடர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு கென்யன் மார்ட்டினின் கால் எலும்பு முறிந்ததால் இரண்டாம் சுற்றோடு நின்றது. மார்ட்டினுக்கு அந்த வருஷம், என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடம் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, காலக்கெடு. கல்லூரி வீரருக்குக் கிடைப்பது ஐந்து வருஷத்தில் நான்கு சீசன். சீசனின் முற்பாதியிலேயே அடிபட்டு, அதுவரை ஆடியது மொத்த ஆட்டங்களில் முப்பது சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் அந்த சீசனைத் திரும்பத் தரச்சொல்லி விண்ணப்பிக்கலாம். பிப்ரவரியில் அடிபட்டால் அதுவும் கிடையாது. பர்டியூ அணியின் ராபி ஹம்மல் 2010 பிப்ரவரியில் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் லிகமென்ட்டைக் கிழித்துக்கொண்டார். ஆறேழு மாதம் உழைத்துத் தேறி, அக்டோபரில் சீசனுக்கான பயிற்சி தொடங்கியதும் அதே லிகமென்ட் மறுபடி கிழிந்தது. பிறகும் 2011-12-இல் திரும்பி வந்து ஆடினார். இதை எந்த ஹைலைட் தொகுப்பிலும் காட்ட முடியாது. ஒரு வருஷம் ஜிம்மில் ஒற்றைக் காலில் குந்தி எழுவதைப் பார்க்க யார் உட்காரப் போகிறார்கள்?

பயிற்சிக் கூடத்தில் இதற்கான மனநிலையைச் சின்ன வயதிலேயே ஊட்டிவிடுகிறார்கள். கிளீவ்ஸின் கோச் டாம் இஸ்ஸோ ரீபவுண்ட் பயிற்சிக்கு வீரர்களுக்கு அமெரிக்கக் கால்பந்துக்காரர்கள் போடும் தோள்கவசத்தை மாட்டிவிட்டு ஒருவரோடு ஒருவர் முட்டவிட்டவர். எதிராளி ஓடிவரும் வழியில் போய் நின்று, மோதலை நெஞ்சில் வாங்கி மல்லாக்க விழுந்து ஃபவுல் சம்பாதிப்பதற்குச் சார்ஜ் எடுப்பது என்று பேர். புள்ளி எடுப்பவனைவிட இதைச் செய்பவனுக்குத்தான் பெஞ்சில் பலத்த கைதட்டல் கிடைக்கும். 1992 பிப்ரவரியில் நார்த் கரோலினாவின் எரிக் மான்ட்ராஸ் டியூக்குக்கு எதிராக முகத்தில் ரத்தம் வழிய ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றிப் போடும் ஷாட்) போட்டது இன்றும் விழுப்புண் மாதிரியே பேசப்படுகிறது. அதே ஆட்டத்தில் டியூக்கின் பாபி ஹர்லி பாத எலும்பு முறிந்த பிறகும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே போனார். இப்போது ரத்தம் வந்தால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார், நின்ற பிறகுதான் உள்ளே விடுவார்.

விதிகளும் மெல்ல மெல்ல முரட்டுத்தனத்தைக் குறைத்தபடிதான் வந்திருக்கின்றன. 2012-13 சீசனில் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளிகளுக்கு இறங்கியது. 1951-52க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. ரசிகர்களுக்குச் சலித்துவிட்டது. அடுத்த சீசனிலேயே பந்து வைத்திருப்பவரைக் கையால் தடுத்தால் ஃபவுல் என்று இறுக்கினார்கள். சார்ஜ் எடுப்பதையும் கூடைக்கு நேர் கீழே செய்ய முடியாதபடி வளைவு போட்டார்கள், பிறகு அந்த வளைவை அகலப்படுத்தினார்கள். வீரர்களின் உடம்பைக் காப்பாற்றுவதைவிட ஆட்டத்தைப் பார்க்கும்படி ஆக்குவதுதான் இதில் பெரிய நோக்கமாக இருந்தது என்பது என் சந்தேகம். உடம்புக்கும் நல்லதாகவே முடிந்தது, சரி.

இனி உடம்பு. கோச்சுகள் கேட்கும் பழைய கேள்வி ஒன்று உண்டு: வெறும் வலியா, இல்லை அடியா? வலியென்றால் ஆடு, அடியென்றால் உட்கார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மிகவும் தகுதியில்லாதவர் ஆடுகிறவர்தான். அட்ரினலின் ஏறியிருக்கும் உடம்பு வலியை மறைத்துவிடும். கணுக்கால் சுளுக்கில் முதல் ஒரு மணி நேரம் இறுக்கிக் கட்டிவிட்டால் ஓட முடியும். வீக்கமும் விறைப்பும் அப்புறம்தான் வரும். கிளீவ்ஸ் சில நிமிஷங்களில் திரும்ப முடிந்ததற்கும், இரண்டு நாள் கழித்து ஆடிய பேகாட்டின் கால் கடைசியில் கைவிட்டதற்கும் இந்த வித்தியாசமும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்கும் வாய்ப்பு அதிகம் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

சில காயங்கள் தாங்கிக்கொண்டு ஆடினாலும் பெரிதாக மோசமாகாது. மூக்கு உடைந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆடலாம்; 2007-இல் நார்த் கரோலினாவின் டைலர் ஹான்ஸ்பரோ அப்படித்தான் ஆடினார். விரல் பிசகினால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். பாதத்தின் வெளி ஓரத்தில் ஐந்தாவது எலும்பில் வரும் விரிசல் அப்படிப்பட்டதல்ல. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது மெதுவாகத்தான். லேசான நோவு என்று நினைத்து ஆடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் முழுசாக முறிந்து, ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும். இரண்டு வகையும் ஆடுகிறவருக்கு ஒரே மாதிரிதான் வலிக்கும். சில சமயம் ஆபத்தானது குறைவாகவே வலிக்கும். ஆகவே தாங்கும் சக்தியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏசிஎல் இன்னும் விசித்திரம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே கிழியும். குதித்து இறங்கும்போதோ, ஓடிக்கொண்டிருந்து சட்டென்று திசை மாறும்போதோ, முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தால் போதும். கூடைப்பந்தில் பெண்களுக்கு இது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. கனெக்டிகட்டின் பெய்ஜ் பெக்கர்ஸ் 2021 டிசம்பரில் முழங்கால் மூட்டு எலும்பு முறிந்து, பிப்ரவரியில் திரும்பி வந்து, அணியோடு இறுதி ஆட்டம் வரை போனார். 2022 ஆகஸ்டில் ஏசிஎல் கிழிந்தது. அடுத்த சீசன் முழுவதும் உட்கார்ந்தார். 2025 ஏப்ரலில் சாம்பியன், அதே மாதம் டிராஃப்டில் முதல் தேர்வு. அந்தச் சீசனில் பெண்கள் ஆட்டத்தின் இன்னொரு நட்சத்திரமான ஜூஜூ வாட்கின்ஸ் தொடரின் இரண்டாம் சுற்றில் ஏசிஎல் கிழிந்து விழுந்தார்.

பெண்கள் ஆட்டத்தில் கிளீவ்ஸுக்கு இணையான கதை கேண்டஸ் பார்க்கருடையது. 2008-இல் இறுதி நான்கு அணிகளுக்குள் நுழைவதற்கான ஆட்டத்தில் டென்னஸியின் பார்க்கருக்கு இடது தோள்மூட்டு இரண்டு முறை பிசகியது. பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்து 26 புள்ளிகள் எடுத்தார். ஒரு வாரத்தில் சாம்பியன் பட்டம். அதே பார்க்கர் கல்லூரிக்கு வந்த முதல் வருஷம் முழங்கால் சிகிச்சைக்காக ஒரு ஆட்டமும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷம் உட்காராமல் இருந்திருந்தால் தோள் கதை நடக்க முழங்கால் இருந்திருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஹேங்க் கேதர்ஸிடம் வராமல் இருக்க முடியாது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள லயோலா மேரிமவுன்ட் என்ற சின்னக் கல்லூரி, பால் வெஸ்ட்ஹெட் என்ற கோச். அவருடைய ஆட்டமுறை ஒரே ஓட்டம்: பந்து கிடைத்த சில நொடிகளில் ஷாட், உடனே திரும்பி முழு மைதானமும் விரட்டு. 1989-90-இல் அந்த அணியின் சராசரி ஆட்டத்துக்கு 122 புள்ளிகளுக்கு மேல். அந்த ஓட்டத்தின் நடுநாயகம் கேதர்ஸ். அதற்கு முந்தைய சீசனில் புள்ளிகளிலும் ரீபவுண்டிலும் நாட்டிலேயே முதலிடம்: சராசரி 32.7 புள்ளி, 13.7 ரீபவுண்ட். உடல் வலிமைக்கு உதாரணம் கேட்டால் அன்று எல்லோரும் சொல்லக்கூடிய பேர் அவருடையதுதான்.

1989 டிசம்பர் 9 அன்று ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றவர் மயங்கி விழுந்தார். பரிசோதனையில் இதயத் துடிப்பில் கோளாறு என்று தெரிந்தது. துடிப்பை அடக்கி வைக்க இன்டெரால் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை செய்யும் வேலையே இதயத்தை வேகமாக ஓடவிடாமல் பிடித்து வைப்பது. கேதர்ஸ் ஆடவேண்டியதோ நாட்டிலேயே வேகமான ஆட்டம். திரும்பி வந்தபோது உடம்பு கனத்தது, ஆட்டம் மந்தமானது. மருந்தின் அளவு குறைக்கப்பட்டது, பிறகு இன்னும் குறைக்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் ஷகீல் ஓ'நீல் இருந்த லூசியானா ஸ்டேட் அணிக்கு எதிராக 48 புள்ளிகள் எடுத்தார். பழைய கேதர்ஸ் வந்துவிட்டார் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

மார்ச் 4 அன்று போர்ட்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தில், உயரத் தூக்கிப் போட்ட பந்தை வாங்கிக் கூடைக்குள்ளேயே அழுத்தி டங்க் அடித்துவிட்டுத் திரும்பியவர் மைதானத்தின் நடுவில் சரிந்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அன்றே இறந்துபோனார். வயது 23. அவருடைய நண்பர் போ கிம்பிள் அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் ஃப்ரீ த்ரோவை கேதர்ஸ் நினைவாக இடது கையால் போட்டார். அணி நாட்டின் கடைசி எட்டு வரை போனது. குடும்பம் வழக்குப் போட்டது, நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

இதில் வலியைத் தாங்குவது என்ற பேச்சே இல்லை. கேதர்ஸுக்கு வலிக்கவில்லை. ஆட்டம் மந்தமானதுதான் அவர் கண்ட அறிகுறி, அதைச் சரிசெய்ததுதான் ஆபத்து. இன்னும் சில மாதங்களில் டிராஃப்ட். குடும்பத்தை ஃபிலடெல்ஃபியாவின் ஏழ்மையிலிருந்து தூக்கிவிடப் போகும் நாள். அந்த நிலையில் இருக்கும் 23 வயதுப் பையனிடம் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? அவனிடம் கேட்டதே தவறு.

முப்பது வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு சம்பவம் நடந்தபோது முடிவு வேறாக இருந்தது. 2020 டிசம்பர் 12 அன்று ஃப்ளோரிடா அணியின் கியான்டே ஜான்சன் ஆட்டத்தின் நடுவில் விழுந்தார், மருத்துவமனையில் கோமா நிலையில் வைத்துச் சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். ஃப்ளோரிடா அவரை மறுபடி ஆட அனுமதிக்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இனி ஆடமுடியாது என்று ஒதுங்கினால் 50 லட்சம் டாலர் காப்பீட்டுத் தொகை வரும் என்று அப்போது செய்திகள் வந்தன. அவர் ஆடவே விரும்பினார். 2022-இல் கான்சாஸ் ஸ்டேட்டுக்கு மாறினார், அங்கே மருத்துவர்கள் அனுமதி கொடுத்தார்கள், சராசரி 17 புள்ளிகளுக்கு மேல் எடுத்து அணியைக் கடைசி எட்டுக்குக் கொண்டுபோனார். 2023 டிராஃப்டில் ஐம்பதாவது தேர்வு. நல்ல முடிவுதான். ஆனாலும் ஒரு கல்லூரி மருத்துவர்கள் மறுத்ததை இன்னொரு கல்லூரி மருத்துவர்கள் அனுமதித்தார்கள் என்பது என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது.

மருத்துவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதுதான் இதில் முடிச்சு. நீண்ட காலமாகப் பல கல்லூரிகளில், வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னரை வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் தலைமைக் கோச்சுக்கு ஒரு வார்த்தை இருந்தது. நட்சத்திர வீரரை மார்ச்சில் உட்கார வைத்த டிரெய்னருக்கு ஏப்ரலில் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியும். 2016-இல்தான் பெரிய மாநாடுகள் எனப்படும் கல்லூரி லீகுகள், வீரர் திரும்பலாமா கூடாதா என்ற முடிவில் மருத்துவக் குழுவின் சொல்லே இறுதி, கோச் அதில் தலையிடக்கூடாது என்று விதியாக எழுதின. கேதர்ஸ் இறந்து 26 வருஷம் ஆகியிருந்தது.

அடுத்தது செலவு. 2013 மார்ச் 31 அன்று லூயிவில்லின் கெவின் வேர், ஒரு ஷாட்டைத் தடுக்கக் குதித்து இறங்கியபோது கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி ஜெயித்துவிட்டு வாருங்கள் என்று அணியினரிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் மறுநாள் தலைப்புச் செய்தி. அதைவிட முக்கியமான செய்தி சில நாள் கழித்து வந்தது: பில்லை யார் கட்டுவது? லூயிவில் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. ஆனால் அப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அன்று இல்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் பெரிய காயங்களுக்கான காப்பீடு 90,000 டாலருக்கு மேல் போனால்தான் தொடங்கும். அதற்குக் கீழே வீரருக்கு ஏதாவது ஒரு காப்பீடு இருக்க வேண்டும், அது பெற்றோருடையதாகவும் இருக்கலாம்.

ஸ்காலர்ஷிப் இன்னொரு கத்தி. 1973 முதல் 2012 வரை அது வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாகவே இருந்தது. அடிபட்டு ஆடமுடியாத வீரருக்கு அடுத்த வருஷம் புதுப்பிக்காமல் விட்டால் கேட்க ஆளில்லை. ஆட்டத் திறனோ காயமோ காரணமாக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தக்கூடாது என்று பெரிய மாநாடுகள் முடிவெடுத்தது 2015-இல்தான். அதற்கு முன் நொண்டிக்கொண்டே ஆடிய எத்தனை பேர் வீரத்தால் ஆடினார்கள், எத்தனை பேர் படிப்பு போய்விடுமோ என்ற பயத்தால் ஆடினார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2019 பிப்ரவரியில் டியூக்கின் சியோன் வில்லியம்சனுக்கு ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம் ஆகும் முன்பே ஷூ கிழிந்து முழங்கால் சுளுக்கியபோது, நாடு முழுவதும் ஒரே விவாதம்: கோடிகள் காத்திருக்கும்போது சம்பளமில்லாமல் எதற்காக இவர் திரும்பி ஆட வேண்டும்? அவர் திரும்பினார். முதல் ஆட்டத்தில் 13 ஷாட் போட்டு 13-உம் உள்ளே. கடைசி எட்டில் ஒரு புள்ளியில் டியூக் தோற்றது, ஜூனில் டிராஃப்டின் முதல் இடம் அவருக்குத்தான். அவர் திரும்பியது சரியா தவறா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த விவாதம் நடந்ததே நல்லது. அதுவரை திரும்பி வராமல் இருப்பதும் ஒரு நியாயமான முடிவு என்று உரக்கச் சொன்னவர்கள் குறைவு.

இப்போது பணம் வந்துவிட்டது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைப்படி, 2025-26 முதல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு வருஷத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். 2024 ஆகஸ்ட் முதல், கல்லூரியை விட்டுப் போன பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஆட்டக் காயங்களுக்கு என்சிஏஏ காப்பீடு உண்டு. ஆனால் பணம் அழுத்தத்தைக் குறைக்குமா என்பது வேறு கேள்வி. முன்பு கோச் மட்டும் எதிர்பார்த்த இடத்தில் இப்போது பணம் போட்ட புரவலர்களும் எதிர்பார்ப்பார்கள். அடுத்த வருஷம், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பேர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் தன் விலையை ஏற்றிக்கொள்ள நினைக்கும் வீரர் உட்கார்ந்திருக்க யோசிப்பார்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் மாறவில்லை. 1974-இல் அமெரிக்கக் கால்பந்து ஆடும்போது கழுத்து முறிந்து முடங்கிப்போன கென்ட் வால்ட்ரெப், வேலையில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டைக் கேட்டு வழக்காடினார். கல்லூரி வீரர் ஊழியர் அல்ல, ஆகவே கிடையாது என்று 2000-இல் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. புதிய உடன்படிக்கையும் வீரர்களை ஊழியர் என்று அழைக்கவில்லை. கல்லூரியிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்கும் வீரரும் முழங்கால் கிழிந்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்.